மாமாவுக்கு அனுமதி இல்லை

ஜனவரி 9

தங்கச்சிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க வாய் வரவில்லை. பத்து மாதமாக ஒரு வார்த்தை பேசாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் கேட்டிருக்கலாம்தான். ஆனால் அடைக்கலம் தேடி நம் இல்லத்துக்கு வருகிற பெண்களைப் பற்றிப் போனிலும் மெயிலிலும் பேசுவதில்லை என்று நீயும் நானும் சேர்ந்துதான் விதி போட்டோம். நம் சண்டைக்காக அதை மீற மாட்டேன்.

பாட்டுக்காரியை உனக்கு நினைவிருக்கும். இங்கே வருகிறவர்கள் சொந்தப் பெயரை வாசலில் விட்டுவிட்டு வேறு பெயர் எடுத்துக்கொள்ளும்போது, ஒரு வரிகூடப் பாடத் தெரியாத அவள் அந்தப் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டாளே, அவள்தான். அவளுடைய மகள் மேஸ்திரி. ஆறு வயதில் சமையலறைப் பாத்திரங்களை யார் எப்படி அடுக்க வேண்டும் என்று நமக்கே உத்தரவு போட்டவள்.

இங்கிருந்து போனபின் தூரத்தில் ஒரு மாடி அறையில் இருந்தார்கள். அவளுக்குத் தையல் வேலை கிடைத்திருந்தது. போன திங்கட்கிழமை அந்தக் கதவுக்கு முன்னால் அவள் புருஷன் வந்து நின்றான். அவள் கையை உடைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். எங்கே போனான் என்று தெரியவில்லை. போலீஸ் தேடுகிறது. பாட்டுக்காரி மறுபடியும் இங்கே, அதே ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறாள். கட்டுப் போட்ட கையோடு குழந்தையின் சட்டைகளை மடிக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள். பேசுவதில்லை.

எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. சாப்பிடுகிறேன், கையெழுத்துப் போடுகிறேன், போலீஸுக்குப் பதில் சொல்கிறேன். பல் டாக்டர் ஊசி போட்ட தாடை மாதிரி இருக்கிறது. இருக்கிறது என்று தெரிகிறது, ஆனால் என்னுடையதாகத் தெரியவில்லை.

அவள் எங்கே குடியிருக்கிறாள் என்பது ஒரே ஒரு இடத்தில்தான் எழுதியிருந்தது. நீ கட்டிவைத்த சர்வரில், ‘வீடுகள்’ என்கிற ஃபோல்டரில். நீ பெரிய கெட்டிக்காரி. எந்த ஓட்டையை அடைக்காமல் விட்டுப் போனாய் என்று யோசித்துப் பதில் எழுது. இன்னும் ஆறு பெண்களின் முகவரி அதே இடத்தில் இருக்கிறது. ஆறு பேரையும் உடனே இடம் மாற்ற என்னிடம் வேறு இடம் இல்லை.

அக்கா



ஜனவரி 15

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எனக்கு ஒரு கப்பல் கம்பெனியின் சர்வர் அறையில் வேலை. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும். கடிதத்தை அங்கேயே நின்று படித்தேன். படித்துவிட்டு வழக்கம்போல நாலு மெஷினைச் சரிபார்த்தேன். மேஸ்திரியின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன், சரியாக வரவில்லை. இதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஓட்டை எது என்று கேட்டாய். ஓட்டையை நான் அடைத்ததைத்தான் நீ அவமானம் என்று சொன்னாய்.

சண்டையைக் கிளற எழுதவில்லை. உனக்கு விஷயம் புரிய வேண்டும். ‘வீடுகள்’ ஃபோல்டரில் முகவரிகளை எழுதுகிறவள் நர்சம்மா. அதனால் அதற்கு உரிமையாளர் அவள். அலுவலகக் குழுவில் இருக்கிற எல்லாருக்கும் அதைப் படிக்க அனுமதி உண்டு. உனக்கு, வார்டனுக்கு, கணக்கு எழுதுகிற மாமாவுக்கு. சாதாரணமாக நம் சர்வரில் ஓடுகிற லினக்ஸில் இவ்வளவுதான் சொல்ல முடியும்: உரிமையாளர், குழு, மற்றவர்கள். குழுவில் ஒருத்தரை மட்டும் வேண்டாம் என்று சொல்ல அதில் இடமில்லை. அதற்குத்தான் ஏசிஎல் என்று ஒன்று இருக்கிறது. பெயர் சொல்லி ஒருவருக்குத் திறக்கலாம், பெயர் சொல்லி ஒருவருக்கு மூடலாம். நான் மாமாவின் பெயரைப் போட்டு, பக்கத்தில் மூன்று கோடு போட்டேன். படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, உள்ளே போகக் கூடாது.

ஏன் போட்டேன் என்று நீ அன்றைக்கு என்னைக் கேட்கவே இல்லை. “என் புருஷனைத் திருடன்னு சொல்றியா?” என்று நர்சம்மா முன்னாலேயே கத்தினாய். மாமா திருடன் இல்லை. தங்கமான மனுஷர். ஆனால் வாயில் ஒன்றும் தங்காது. ஒருமுறை நானும் அவரும் ரயிலில் போனோம். எதிர் சீட்டுக்காரர் நம் இல்லத்தைப் பற்றி ஏதோ நல்லதாகச் சொன்னார். மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “பாவம் சார், ஒரு பொண்ணு, எவ்வளவு கஷ்டப்பட்டு வந்தா தெரியுமா! இப்ப நம்ம பெரிய பேக்கரிக்குப் பின்னாடி சந்துல நிம்மதியா இருக்கா” என்றார். நான் அவர் காலை மிதித்தேன். அவர் தள்ளி உட்கார்ந்துகொண்டு மேலே சொன்னார். நல்லவேளையாக அந்த ஆள் சம்பந்தமில்லாத யாரோ. ஊருக்குப் போய் இறங்கியதும் அந்தப் பூட்டைப் போட்டேன்.

இப்போது ஒரு காரியம் செய். கறுப்புத் திரையைத் திறந்து, தனிச் சீட்டில் நான் எழுதியிருக்கிற முதல் கட்டளையை அடி. ‘வீடுகள்’ என்ற வரியில், அனுமதி எழுத்துகளின் கடைசியில் ஒரு கூட்டல் குறி இருக்கிறதா என்று பார். இருந்தால் என் பூட்டு வேலை செய்கிறது, ஓட்டை வேறு எங்கோ இருக்கிறது. இல்லையென்றால் எழுது. நான் போனபின் அந்த மெஷினை யாராவது தொட்டார்களா?

தங்கச்சி



ஜனவரி 22

தங்கச்சிக்கு,

கூட்டல் குறி இல்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். இல்லை.

போன நவம்பரில் ஹார்ட் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டோம். “மேடம், பழசை அப்படியே வரிக்கு வரி புதுசுல இறக்கிட்டேன், ஒண்ணும் போகலை. வேகமா ஓட நாலு வார்த்தை சேர்த்திருக்கேன்” என்றான். எல்லாம் திறந்தது, எல்லாம் ஓடியது. நன்றி சொல்லி அனுப்பினேன். வேறு என்ன செய்வேன்? உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும் என்று எழுதுவாய். நீ கதவைச் சாத்திக்கொண்டு போன வேகத்தில் உன் பூட்டுக்குச் சாவி எது, கீல் எது என்று யாருக்காவது சொல்லிவிட்டுப் போனாயா? எவனோ ஒருத்தன் நாலு வார்த்தை சேர்த்தால் கழன்று விழுகிற பூட்டை எதற்குப் போட்டாய்?

அந்தப் பூட்டை உன்னிடம் எடுக்கச் சொல்ல எனக்கு ரோஷம். நானே எடுக்கத் தெரியாது. அதனால்தான் அது அப்படியே கிடந்தது. அதுவாகப் போனது எனக்குத் தெரியாது. உன் மாமாவுக்குத் தெரிந்ததா என்றும் தெரியவில்லை.

அவரைப் பற்றிச் சொல்கிறேன். தினமும் காலையில் முதல் வேலையாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போடுகிறார். “குழந்தை கிடைச்சுதா சார்?” கிடைக்கவில்லை என்றதும் போனை வைத்துவிட்டு அழுகிறார். நாற்பது பேர் சாப்பிடுகிற கூடத்தில், எல்லாருக்கும் முன்னால். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. அவர் தோளில் கை வைக்க வேண்டும் என்று தெரிகிறது. கை போகவில்லை.

அவர்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவரைக் கேட்காமல் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? இருந்தால் எழுது.

அக்கா



ஜனவரி 28

அக்காவுக்கு,

என்ன நடந்தது என்று இப்போது புரிகிறது. கணினி ஆன் ஆகும்போது ஒவ்வொரு டிஸ்க்கையும் எப்படி எடுத்துக்கொள்வது என்று ஒரு ஃபைலில் வரிவரியாக எழுதியிருக்கும். மவுண்ட் செய்வது என்போம். ஒன்றும் எழுதாவிட்டால் வழக்கமானது எதுவோ அதுவே நடக்கும். ஏசிஎல் பார்ப்பது அந்த வழக்கத்திலேயே சேர்த்தி. டிஸ்க்கிலும் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தேன். ஆனால் அந்த வரியில் ஒருத்தன் வேண்டாம் என்று எழுதிவிட்டால் வழக்கம் தோற்றுவிடும், வரிதான் ஜெயிக்கும். வேகத்துக்கென்று எங்கோ படித்ததைப் பார்த்து அந்த மெக்கானிக் ‘நோஏசிஎல்’ என்று சேர்த்திருப்பான். அவன்மேல் தப்பில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உன் கேள்வியும் நியாயம்தான். நான் யாருக்கும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

பழசை அப்படியே இறக்கினான் என்றால் நான் எழுதியது இன்னும் டிஸ்க்கில் இருக்கிறது. அதைப் பார்க்காதே என்று கணினிக்கு உத்தரவு, அவ்வளவுதான். சீட்டில் எழுதியிருக்கிற ஃபைலைத் திற. அந்த ஒரு வார்த்தையையும் அதற்கு முந்தின கமாவையும் எடு. வேறு எதையும் தொடாதே. மெஷினை ஒருமுறை அணைத்துப் போடு. கூட்டல் குறி தானாக வரும், மாமாவுக்குக் கதவு மூடிக்கொள்ளும். அட்மின் பாஸ்வேர்டு உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அதனால் இதை நீதான் செய்ய வேண்டும்.

நீ கேட்டதற்கு வழி பாதி இருக்கிறது. ஒரு ஃபைலைக் கடைசியாக எப்போது படித்தார்கள் என்று லினக்ஸ் குறித்து வைக்கும். யார் படித்தது என்று குறிக்காது. இரண்டாவது கட்டளையை அடித்தால் ஒவ்வொரு ஃபைலுக்கும் அந்தத் தேதி வரும். பாட்டுக்காரியின் ஃபைலுக்கு எதிரே இருக்கிற தேதியில் அலுவலகத்தில் யார் இருந்தார்கள் என்று வருகைப் பதிவைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் கவனி. பட்டியலைப் பார்க்கலாம், ஃபைலைத் திறக்காதே. திறந்தால் பழைய தேதி போய் உன் தேதி உட்கார்ந்துவிடும். மறுபடி கிடைக்காது. உனக்கு எதையும் இரண்டு தடவை திறந்து பார்க்கிற பழக்கம் உண்டு, அதனால் சொல்கிறேன்.

பாட்டுக்காரி சாப்பிடுகிறாளா?

தங்கச்சி



பிப்ரவரி 4

தங்கச்சிக்கு,

திறந்துவிட்டேன்.

மறந்துபோய்த் திறக்கவில்லை. உன் கடிதத்தை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். மதிய நேரம். கூடத்தில் தட்டு கழுவுகிற சத்தம். உன் மாமா அடுத்த அறையில் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டாவது கட்டளையை அடிப்பதற்கு முன்னால் ஃபோல்டருக்குள் போனேன். பாட்டுக்காரியின் ஃபைலைத் திறந்தேன். மூடினேன். அப்புறம் மற்ற ஆறையும் திறந்து மூடினேன். அதற்குப் பிறகு நீ சொன்ன கட்டளையை அடித்தேன். ஏழு வரியிலும் அன்றைய தேதி.

நீ இப்போது பல்லைக் கடிப்பாய். கடி. நான் அவருடன் இருபத்தாறு வருஷமாக ஒரே மேஜையில் சாப்பிடுகிறேன். ஒரு வரியில் ஒரு தேதியைப் பார்த்து, அதன் பிறகு அவருக்கு எப்படிச் சோறு போடுவேன் என்று தோன்றியது. தோன்றியது என்பதுகூடப் பெரிய வார்த்தை. கை போயிற்று, பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் நிம்மதி வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

அந்த வார்த்தையையும் இன்னும் எடுக்கவில்லை. எடுத்தால் அடுத்த நாளே தெரிந்துகொள்வார். தெரிந்தால் கேட்பார். என்ன சொல்வேன்?

பாட்டுக்காரி கஞ்சி குடிக்கிறாள். சட்டைகளை மடிப்பதை நிறுத்திவிட்டாள். நேற்று என்னைப் பார்த்து, “எப்படிம்மா தெரிஞ்சுது அவனுக்கு?” என்று கேட்டாள். இங்கே வந்தபின் அவள் பேசிய முதல் வார்த்தை. விசாரிக்கிறோம் என்றேன். போலீஸ்காரர்கள் சொல்வது மாதிரியே சொன்னேன். சரிம்மா என்றாள்.

அக்கா



பிப்ரவரி 10

அக்காவுக்கு,

திட்டி மூன்று பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். படித்துப் பார்த்தால் எல்லாம் போன வருஷச் சண்டையாக இருந்தது.

தேதி போனது போகட்டும். யார் என்று இனி நான் கேட்கவில்லை. அந்த வார்த்தையை எடுத்தாயா, அதை மட்டும் கேட்கிறேன். மாமாவின் மனசு நோகும் என்று நீ காத்திருக்கிற ஒவ்வொரு நாளும் அந்த ஃபோல்டர் திறந்து கிடக்கிறது. அதில் ஆறு கதவு இருக்கிறது, அக்கா. அவர் மனசு நொந்தால் நாலு நாள் சாப்பிடாமல் இருப்பார். அவ்வளவுதான்.

உன்னிடம் கோபமாக இருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. இங்கே மெஷின்களில் ஒன்று நின்றுபோனால் சிவப்பு விளக்கு எரியும். எனக்கு அப்படி எதுவும் எரியவில்லை. வேலைக்கு வருகிறேன், போகிறேன்.

சீட்டில் மூன்றாவது கட்டளை எழுதியிருக்கிறேன். பின்னால் வேறு யாருக்காவது மூட வேண்டி வந்தால் அதில் பெயரை மட்டும் மாற்றினால் போதும். இந்தக் கட்டளைகளையெல்லாம் நர்சம்மாவுக்கும் சொல்லிக்கொடு. நான் செய்த தப்பை நீயும் செய்யாதே.

தங்கச்சி



பிப்ரவரி 21

தங்கச்சிக்கு,

முதலில் நல்ல செய்தி. மேஸ்திரி கிடைத்துவிட்டாள். அவன் ஊர் ஊராக விடுதியில் தங்கியிருந்திருக்கிறான். ஒரு விடுதிக்காரர் சந்தேகப்பட்டுப் போலீஸைக் கூப்பிட்டார். குழந்தை இளைத்திருக்கிறாள். காலில் புது ஷூ. வந்ததும் அம்மாவின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். “இதை யாரு இப்படிக் கோணலாக் கட்டினது?” என்று அதட்டினாள். பாட்டுக்காரி அப்போதுதான் அழுதாள். கூடத்தில் இருந்த எல்லாரும் அழுதார்கள். நான் போலீஸ்காரர் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

இனி மற்றது. உன் கடிதம் வந்த அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது உன் மாமாவை நானே கேட்டேன். அப்படி ஒன்றும் பெரிய கேள்வியாகக் கேட்கவில்லை. “‘வீடுகள்’ ஃபோல்டர் உங்களுக்குத் திறக்குதா?” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது, தங்கச்சி. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“ஆமா, திறக்குது. டிசம்பர்ல ஒருநாள் அட்வான்ஸ் ரசீது தேடும்போது தெரியாம தொட்டேன், திறந்துடுச்சு. நீதான் பூட்டை எடுத்துவிட்டியோன்னு நினைச்சேன். நீயா சொல்லட்டும்னு இருந்தேன். ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. உன் தங்கச்சிக்கும் என்மேல நம்பிக்கை வந்துடுச்சு போலன்னு நினைச்சுக்கிட்டேன்” என்றார்.

அந்தச் சந்தோஷத்தில் உள்ளே போய் ஒவ்வொருத்தியும் எங்கே இருக்கிறாள் என்று படித்திருக்கிறார். எல்லாரும் நன்றாக இருக்கட்டும் என்று. அடுத்த வாரம் முன்வாசல் கவுண்டருக்கு ஒரு பெரியவர் வந்திருக்கிறார். பாட்டுக்காரி புருஷனுடைய அண்ணன். மரியாதையான ஆள். கையில் ஒரு பையில் குழந்தைக்குப் புது ஷூ. இங்கே இல்லை என்றதும், பரவாயில்லை, இதை மட்டும் சேர்த்துவிடுங்கள் என்று கொடுத்துவிட்டுக் கண் கலங்கினாராம். இவருக்கு மனசு கேட்கவில்லை. “கவலைப்படாதீங்க சார், குழந்தை தண்ணித் தொட்டிக்குப் பக்கத்து ஸ்கூல்ல நல்லாப் படிக்குது” என்று சொல்லியிருக்கிறார். ஷூவைத் தபாலில் அனுப்பவும் செய்திருக்கிறார்.

சொல்லிக்கொண்டே வந்தவர் ஸ்கூல் என்ற இடத்தில் நின்றார். என்னைப் பார்த்தார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஒன்றரை மாதமாகத் தினமும் அழுதவருக்கு அந்த நிமிஷம்வரை அது தன் வாயிலிருந்து போனது என்று தெரியாது.

மறுநாள் காலையில் அந்த வார்த்தையை எடுத்தேன், கமாவோடு. மெஷினை அணைத்துப் போட்டேன். கூட்டல் குறி வந்தது. வந்தது உண்மையா என்று பார்க்க வேண்டுமே, அவரையே கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்து, அவர் பாஸ்வேர்டை அவரே அடித்து, ஃபோல்டரைத் தொட்டார். அனுமதி இல்லை என்று வந்தது. “உன் தங்கச்சி அன்னைக்கே சரியாத்தான் போட்டிருக்கா” என்றார். நான் அவர் தோளில் கை வைத்தேன். இந்தத் தடவை கை போயிற்று.

அவர் போனபின் நான் எழுந்திருக்கவில்லை. யோசித்துப் பார்த்தேன். உன் மாமா வாய் தவறிச் சொன்னார். நான் தெரிந்தே தேதியை அழித்தேன். அந்த ஃபோல்டருக்கு எங்கள் இரண்டு பேரில் யார் அதிக ஆபத்து? உன் மூன்றாவது கட்டளையில் என் பெயரை அடித்தேன். அட்மின் பாஸ்வேர்டை நர்சம்மாவை மாற்றச் சொன்னேன். அவள் அடிக்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். ஆறு பெண்களையும் ஒவ்வொருத்தியாக வேறு இடத்துக்கு மாற்றுகிறாள். மூன்று பேர் போயாகிவிட்டது. எங்கே என்று நான் கேட்பதில்லை.

பாட்டுக்காரியும் மேஸ்திரியும் இன்றைக்குக் காலையில் புது இடத்துக்குப் போனார்கள். பெட்டியை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று டிரைவருக்கு உத்தரவு போட்டுவிட்டு அந்தக் குழந்தை என்னிடம் வந்து, “நீங்க எங்க புது வீட்டுக்கு எப்ப வருவீங்க?” என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பாட்டுக்காரி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வண்டியில் ஏற்றிவிட்டாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா